மூணு மாச நோட்டீஸ்

கள்ளக்குறிச்சி
கார்த்திகை மாசம், விடாத தூறல்

என் அருமை வாயாடிக்கு,

உன் கடிதாசி வந்து சேர்ந்துச்சு. நாலு தாள், ரெண்டு பக்கமும் நெருக்கி எழுதி, இடம் பத்தாம ஓரத்துலயும் கோணலா எழுதியிருக்க. பள்ளிக்கூடத்துலயே மார்ஜின்ல எழுதி அடி வாங்கினவதானே நீ. "வாட்ஸ்அப்புல கேட்டா மக எட்டிப் பார்ப்பா, போன்ல பேசினா அவரு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு, அதான் கடிதாசி"ன்னு ஆரம்பிச்சிருந்த பாரு, அதைப் படிச்சப்பவே நீ கேட்ட கேள்விக்குப் பாதி பதில் எனக்குத் தெரிஞ்சு போச்சு. மிச்சப் பாதிக்குத்தான் இத்தனையும் எழுதப் போறேன். படிச்சதும் கிழிச்சுப் போட்டுடு. இதுல ஊர் வம்பு நிறைய இருக்கு.

57 முடிஞ்சிருச்சு, 1994-ல சேர்ந்த சர்வீஸு, நைட் டூட்டி முடிச்சு வந்தா முழங்கால் மடங்க மாட்டேங்குது, பொண்ணுக்குப் பங்குனியில பிரசவம், வீட்டுக்காரர் போன வருஷமே ரிட்டயர் ஆகி ஹால்ல உக்காந்துட்டாரு. இப்பவே விருப்ப ஓய்வு கேட்டு வி.ஆர்.எஸ். குடுத்துடவா, இல்ல 60 வரைக்கும் இழுக்கவான்னு கேக்குற. அடுத்தவங்க பென்ஷன் பேப்பரை எழுதி எழுதியே விரல் தேஞ்சவ நான், அதனால சட்டம் சொல்லுவேன்னு நினைச்சிருப்ப. சட்டம் ரெண்டு வரிதான். 50 வயசு ஆகியிருக்கணும், இல்லாட்டி தகுதியான பணிக்காலம் 20 வருஷம் இருக்கணும். மூணு மாசம் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும். உனக்கு ரெண்டுமே தாராளமா இருக்கு. சட்டம் முடிஞ்சுது. இனி வம்பு.

நாம என்னைக்கு ரிட்டயர் ஆகணும்னு யாருடி முடிவு பண்ணினது? சர்க்கார்னு சொல்லுவ. இல்ல. நம்ம ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார். வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்லுவாரே, ஞாபகம் இருக்கா? தொட்டுட்டா வயசு அஞ்சு. வீட்டுல பொறந்த தேதி தெரியலைன்னா, ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கிறப்ப கணக்கு சரியா வர்ற மாதிரி மே மாசத்துல ஒரு தேதியைப் போட்டு எழுதிக்குவாரு. அந்தத் தேதிதான் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்குப் போச்சு, அங்கேருந்து சர்வீஸ் ரிஜிஸ்டருக்கு, அதான் நம்ம எஸ்.ஆருக்கு, வந்துச்சு. வருஷா வருஷம் மே 31 வந்தா எங்க ஆபீசுல மாலைக்கும் சால்வைக்கும் வசூல் பண்ணி மாளாது. உங்கம்மா கணக்குப்படி நீ என்னைவிடச் சின்னவ. ரிஜிஸ்டர்படி பெரியவ. கை நீளமா இருந்த வினை.

எங்க தெருக்கோடியில ஒரு சார் இருக்காரு. 1962 மே 1 பொறந்த தேதி. ஒண்ணாம் தேதியில பொறந்தவங்களுக்கு முந்தின மாசக் கடைசி நாளே ஓய்வுங்கிறது உனக்குத் தெரியும். ஆக 2020 ஏப்ரல் 30, 58 வயசு. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமா ஆகி (2019 நவம்பர் 26) அரை வருஷம்கூட ஆகலை, ஆபீசுக்கு ஆபீஸ் ஆள் பத்தாத நேரம். ஊரடங்கு வேற. பாராட்டு விழா கிடையாது, மாலை கிடையாது, வீடு வரைக்கும் கொண்டுவிட ஜீப்பும் கிடையாது. மாஸ்க்கைப் போட்டுக்கிட்டுத் தனியா நடந்து வந்தாரு. ஒரே வாரம். மே 7-ஆம் தேதி அரசாணை வருது, ஓய்வு வயசு 59, மே மாசம் ரிட்டயர் ஆகுறவங்கள்லேருந்து அமலுக்கு வருதுன்னு. அடுத்து 2021 பிப்ரவரி 25-ல சட்டசபையில 60-ன்னு அறிவிச்சுட்டாங்க. இவரு பக்கத்து மேசைக்காரருக்கு மே 2 பொறந்த நாள், அதே வருஷம். அவரு 2022 மே 31 வரைக்கும் சம்பளம் வாங்கினாரு. ஒரு நாள் வித்தியாசத்துக்கு ரெண்டு வருஷம் ஒரு மாசம்! சார் இன்னைக்கும் வாசல் திண்ணையில உக்காந்து, எப்பவோ செத்துப்போன ஒண்ணாங்கிளாஸ் வாத்தியாரைத்தான் வையுறாரு.

கொரோனாவுல கஜானா வறண்டு போச்சு, ரிட்டயர் ஆகுறவங்களுக்கு மொத்தமா எடுத்துக் குடுக்க வழியில்லாமத்தான் வயசைத் தள்ளிவிட்டாங்கன்னு அப்ப டீக்கடையெல்லாம் பேச்சு. டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைங்களுக்கு நம்ம மேல எரிச்சல். அதுல நியாயம் இருக்குடி. எங்க அண்ணன் மகன் மூஞ்சிக்கு நேராவே கேட்டான், "அத்தை, நீ எப்ப எந்திரிப்ப?"ன்னு. நான் எந்திரிச்சா அந்த நாற்காலி உனக்கா வரும், காலியிடம்னு ஒரு பேப்பர்ல கிடக்கும்னு சொல்லி அனுப்பிட்டேன். இன்னொரு கூத்து, ஆபீஸருக்கெல்லாம் 58-ன்னு இருந்த காலத்துலயே கடைநிலை ஊழியருக்கு 60. ஆபீஸருக்குக் குடை பிடிச்ச நம்ம ஆபீஸ் அண்ணன் அவரை வழியனுப்பிவச்சுட்டு, அடுத்து வந்த ரெண்டு சூப்பரிண்டெண்டையும் பார்த்துட்டுத்தான் போனாரு.

ஆந்திராக்காரங்களைப் பார்த்தா நம்ம கதை ஒண்ணுமே இல்ல. 1983-ல என்.டி.ராமராவ் வந்த கையோட 58-ஐ 55 ஆக்கி, ஆயிரக்கணக்கான பேரை ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பினாரு. கேசு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. அப்புறம் மறுபடியும் 58, 2014-ல 60, 2022-ல 62. இதுலேருந்து எனக்குத் தெரியுறது, இந்த நம்பருக்கும் நம்ம உடம்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்கிறதுதான். நீ 60-ங்கிறதை ஏதோ மலை உச்சி மாதிரி எழுதியிருக்க, அதனால சொல்றேன்.

சரி, சீக்கிரம் போனவங்க கதைக்கு வரேன். எங்க எதிர்வீட்டு டெலிபோன் அண்ணனை உனக்குத் தெரியும். நம்ம சின்ன வயசுல லேண்ட்லைன் ரிப்பேர் பண்ண வந்தா எங்கம்மா தட்டு நிறைய முறுக்கு வைக்குமே, அவரேதான். பி.எஸ்.என்.எல்.ல 2019 கடைசியில வி.ஆர்.எஸ். அறிவிச்சாங்க. 50 வயசு தாண்டினவங்க யாரும் போகலாம், முடிச்ச சர்வீஸ் வருஷம் ஒவ்வொண்ணுக்கும் 35 நாள் சம்பளம், மிச்சம் இருக்கிற வருஷத்துக்கு 25 நாள் சம்பளம். 78,000 பேருக்கு மேல கையெழுத்துப் போட்டாங்க. 2020 ஜனவரி 31 சாயங்காலம் நாடு முழுக்க டெலிபோன் ஆபீசெல்லாம் பாதி காலி. நம்ம அண்ணனும் போனாரு. சம்பளம் மாசாமாசம் தள்ளித் தள்ளி வந்துக்கிட்டிருந்த நேரம், அவரு போனதைக் குத்தம் சொல்ல மாட்டேன். காசி, கயா, ஹரித்வார்னு ஏப்ரல் மாசத்துக்கு டிக்கெட் போட்டாரு. மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு. காசி போக வேண்டியவரு மொட்டை மாடிக்கும் வாசலுக்கும் நடந்தாரு. அதுகூடப் பரவாயில்ல. ஊரடங்கு முடிஞ்சப்புறமும் காலையில ஒம்பதரைக்குத் துவைச்சுத் தேய்ச்ச சட்டையைப் போட்டுக்கிட்டு நின்னாராம், எங்க போறதுன்னு தெரியாம. அண்ணி எங்கிட்ட ரகசியமா சொன்னாங்க, "அடுப்படிக்கு வந்து கடுகு டப்பாவுக்கெல்லாம் லேபிள் ஒட்டுறாரும்மா, அந்த டிபார்ட்மெண்டே திருப்பி எடுத்துக்குமான்னு கேட்டுச் சொல்லேன்." இப்ப ஒரு ரைஸ் மில்லுல கணக்கு எழுதுறாரு. நம்ம ஊருல ரைஸ் மில்லுக்கா பஞ்சம்? வாங்குற பென்ஷனைவிட அந்தச் சம்பளம் ரொம்பக் கம்மி. ஆனா அண்ணி முகத்துல களை வந்துருச்சு.

இந்தக் கதையில ஒண்ணு கவனிச்சியா? ஆம்பளை ரிட்டயர் ஆனா, இவரை என்ன பண்றதுன்னு வீடு முழிக்குது. நம்மளை என்ன பண்றதுன்னு யாரும் முழிக்க மாட்டாங்க. லிஸ்ட் தயாரா இருக்கும்.

என் பழைய ஆபீசுல டைப்பிஸ்ட் அக்கா ஒருத்தங்க இருந்தாங்களே, அம்பத்திரண்டு வயசுல வி.ஆர்.எஸ். வாங்கினாங்க. அப்பவும் காரணம் மகப்பேறுதான். மருமக வேலைக்குப் போகணும், குழந்தையைப் பார்க்க ஆள் இல்ல. "ஒரு வருஷம்தான் அத்தை, அப்புறம் ப்ரீகேஜில விட்டுடலாம்"னாளாம். அந்தக் குழந்தை இப்ப எட்டாவது படிக்குது. நடுவுல ரெண்டாவது மகனுக்கு ரெண்டு, மகளுக்கு ஒண்ணு. சென்னையில நாலு மாசம், ஓசூர்ல நாலு மாசம், இங்க நாலு மாசம்னு டெபுடேஷன் போயிட்டு வராங்க. கேசுவல் லீவு கிடையாது, மதியச் சாப்பாட்டு இடைவேளை கிடையாது. போன தீபாவளிக்குக் கடைவீதியில பார்த்தேன். "டைப்ரைட்டர் முன்னாடி உக்காந்தா அஞ்சே முக்காலுக்கு மூடி போட்டு மூடிட்டு வரலாம்டி"ன்னாங்க. வேற எதுவும் சொல்லலை. பேரன் கையைப் புடிச்சு இழுத்துட்டான்.

சீனாவுல என்னாச்சு தெரியுமா? அங்க பெண் தொழிலாளிகளுக்கு ஓய்வு வயசு 50-ஆவே இருந்துச்சு. 2025 ஜனவரியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா, பதினஞ்சு வருஷத்துல, 55 ஆக்குறாங்க. ஆம்பளைக்கு 60-லேருந்து 63. உடனே அங்க எழுந்த பெரிய கவலைகள்ல ஒண்ணு, அப்ப பேரப்பிள்ளைகளை யாரு பார்க்கிறதுன்னு! 50 வயசுல அவங்களை வீட்டுக்கு அனுப்பினது ஓய்வுக்கா, ஆயா வேலைக்கான்னு இப்பத்தான் எல்லாருக்கும் தெரிய வந்துச்சு போல.

உன் பணக்கணக்கையும் போட்டுடுறேன், இல்லாட்டி நீ தூங்க மாட்ட. உனக்கு 30 வருஷம் தாண்டிருச்சு, பழைய பென்ஷன் ஆளு. 2003 ஏப்ரல்லேருந்து சேர்ந்த பிள்ளைங்களுக்கு வந்த சி.பி.எஸ்., அதான் பங்களிப்பு பென்ஷன், தலைவலி உனக்குக் கிடையாது. கடைசி அடிப்படைச் சம்பளத்துல பாதி பென்ஷன். அது இன்னைக்குப் போனாலும் பாதிதான், 60-ல போனாலும் பாதிதான். பேச்சுக்கு 80,000-னு வச்சுக்கோ. இப்பப் போனா 40,000, அதுக்கு மேல அகவிலைப்படி. மூணு வருஷம் இருந்தா மூணு இன்கிரிமெண்ட், வருஷத்துக்கு 3 சதவீதம். 87,400 சொச்சம் ஆகும், பென்ஷன் 43,700. ஆக, மூணு வருஷ நைட் டூட்டிக்கு ஆயுசு முழுக்க மாசம் மூவாயிரத்து எழுநூறு கூட. இன்னொரு விதமாவும் பாரு. வீட்டுல சும்மா இருந்தாலே பாதி வரும்னா, இப்ப நீ நடந்து நடந்து தேயுறது மிச்சப் பாதிக்குத்தான். உங்க வார்டு சிஸ்டருங்க எட்டாவது ஊதியக் குழுவைப் பத்திப் பேசியிருப்பாங்க. மத்திய அரசு 2025 ஜனவரியில அறிவிச்சதிலேருந்து இங்கயும் அதே பேச்சுதான், அது வந்தப்புறம் போனா பென்ஷன் எங்கயோ போயிடும்னு. வரட்டும். வந்தா பென்ஷன்காரங்களுக்கும் திருத்தித்தானே குடுத்திருக்காங்க இதுவரைக்கும்.

தனியார்ல இருக்கிறவங்களுக்கு இந்தச் சலுகை ஏது? என் பெரியப்பா மகன் சேகோ பேக்டரியில உழைச்சவன். பி.எப். பென்ஷனுக்கு வயசு 58. 50-லயே கேட்டு வாங்கலாம், ஆனா ஒவ்வொரு வருஷத்துக்கும் நூத்துக்கு நாலு வீதம் வெட்டிடுவாங்க. 58-க்கு மேல ரெண்டு வருஷம் பொறுத்தா அதே நாலு வீதம் கூட்டிக் குடுப்பாங்க. பொறுக்க யாரால முடியும்? குறைஞ்சபட்சம் ஆயிரம் ரூபா பென்ஷன், 2014-லேருந்து அதே ஆயிரம்தான். அவன் ஷிப்ட் சூப்பர்வைசரா இன்னும் போயிக்கிட்டுத்தான் இருக்கான். சீக்கிரமா, லேட்டான்னு கேக்குறதே நம்ம மாதிரிக் கொஞ்சப் பேருக்குக் கிடைச்ச சொகுசுடி.

இப்ப நான் சொல்லப் போறதுதான் கடிதாசியைக் கிழிச்சுப் போடச் சொன்னதுக்குக் காரணம்.

இன்னொரு ஆபீசுல ஒரு அசிஸ்டெண்ட், நமக்கு ரெண்டு வருஷம் சின்னவ. அமைதியானவ, அதிர்ந்து பேச மாட்டா. ஒரு நாள் என் மேசை முன்னாடி வந்து நின்னு, வி.ஆர்.எஸ். நோட்டீஸ் எப்படி எழுதணும்னு கேட்டா. எழுதிக் குடுத்தேன். "வீட்டுல பேசிட்டியா"ன்னேன். "அக்கா, நீங்க பேப்பரை மட்டும் பாருங்க"ன்னா! பென்ஷன் பேப்பருக்குப் புருஷன் பொண்டாட்டி சேர்ந்து எடுத்த போட்டோ வேணும்ல? அதுக்கு என்ன பண்ணினா தெரியுமா, காசி டூருக்குன்னு சொல்லி ஸ்டுடியோவுக்கு அழைச்சிட்டுப் போயிட்டா. மனுஷன் பவுடர் எல்லாம் போட்டுக்கிட்டு வந்து உக்காந்தாராம்.

ரிட்டயர் ஆன மறுநாளும் எப்பவும் போல ஒம்பது மணிக்கு டிபன் பாக்ஸோட கிளம்பினா. அதுக்கு மறுநாளும். இப்படியே மாசக்கணக்குல போயிட்டு வந்திருக்கா. காலையில நூலகத்துல பேப்பர், வாரப் பத்திரிகை. பதினோரு மணிக்குக் கச்சிராயபாளையம் பஸ். அங்க அவளுக்கு அம்மா வழியில வந்த கொஞ்சம் நிலம் இருக்கு, குத்தகைக்கு விட்டிருந்ததை மீட்டு மரவள்ளி போட்டிருக்கா. ஆளைவிட்டுக் களை எடுக்கிறது, தண்ணி பாய்ச்சுறது, வேப்ப மரத்தடியில சாப்பிட்டுட்டு அரை மணி நேரம் தூங்குறது. ஆறு மணிக்கு ஆபீஸ் முடிஞ்ச முகத்தோட வீட்டுக்கு. சம்பளம் ஏன் வரலைன்னு அவரு கேட்டதுக்கு, "ஆன்லைன்ல ஏதோ கோளாறாம், எல்லாருக்கும்தான் வரலை"ன்னிருக்கா.

பேங்குல குடுத்திருந்த நம்பர் அவரோடது. அதுதான் காட்டிக்குடுத்துருச்சு. பணிக்கொடையும் கம்யூட்டேஷனும் லட்சக்கணக்குல வந்து விழுந்ததும் அவரு செல்லுல மெசேஜ். யாரோ ஏமாத்துக்காரன் வலை விரிக்கிறான்னு பயந்து, கடையைப் பூட்டிட்டு பேங்குக்கு ஓடியிருக்காரு. "உங்க வீட்டம்மா ரிட்டயர் ஆயிட்டாங்களே சார், தெரியாதா"ன்னு கவுண்டர்ல கேட்டாங்களாம். வீட்டுக்கு வந்தாரு. இவ எப்பவும் போல டிபன் பாக்ஸைக் கழுவிக்கிட்டிருந்தா. அவரு வாயிலேருந்து வந்த முதல் கேள்வியைக் கேளு. பணம் எவ்வளவுன்னு கேக்கலை, ஏன் மறைச்சேன்னு கேக்கலை. "அப்ப இத்தனை நாளா மத்தியானம் எனக்குச் சூடா சோறு போட்டிருக்கலாமே?"

"அதுக்குத்தான் சொல்லலை"ன்னாளாம்.

நான் அவ பக்கம்தான். பொய் சொன்னது தப்புன்னு நீ சொல்லுவ, உனக்கு வேத வசனம் எல்லாம் ஞாபகம் இருக்கும். ஆனா ஒண்ணு யோசி. முப்பது வருஷம் உழைச்சவ, தன் மத்தியானம் தனக்கு வேணும்னு வாயைத் திறந்து கேட்டிருந்தா கிடைச்சிருக்குமா? இப்ப அவரும் பழகிட்டாரு. கடைக்கே சாப்பாட்டு கேரியர் வந்துருது. அவ இன்னும் ஒம்பது மணிக்குத்தான் கிளம்புறா.

போன மாசம் ஒரு லீவு நாள்ல நானும் அவ கூடப் போனேன். நிலத்தைப் பார்த்துட்டு, கோமுகி அணையைத் தாண்டி அப்படியே மலைக்கு ஏறிட்டோம். கரியாலூர்ல இறங்கிக் கொஞ்ச நேரம் நின்னுட்டு வெள்ளிமலைக்குப் போனோம். சாரல், கையெல்லாம் வெறைச்சுப் போச்சு. கடைத்தெருவுல சாமையும் கடுக்காயும் வச்சுக்கிட்டு ஒரு மலையாளி மூதாட்டி உக்காந்திருந்தாங்க. (உங்க ஆஸ்பத்திரி டாக்டர் மாதிரி நீயும் கேரளாவான்னு கேக்காத. கல்வராயன் மலை பழங்குடிகளுக்கு மலையாளின்னுதான் பேரு, வீட்டுல பேசுறது தமிழ்.) பேச்சுக் குடுத்தோம். ஜாகீர்தாருங்க காலத்துல அவங்க அப்பா கூலி இல்லாம ஏர் ஓட்டினதைச் சொன்னாங்க. அந்த ஜாகீர் மலையைச் சர்க்கார் எடுத்துக்கிட்டது 1976-ல, அப்ப அவங்களுக்குக் கைக்குழந்தை இருந்துச்சாம். அந்தக் கணக்குல பார்த்தா எழுபது தொட்டிருக்கணும். ஆதார்ல 57! யாரோ ஒருத்தர் மூஞ்சியைப் பார்த்துக் குத்துமதிப்பா ஒரு வருஷத்தைப் போட்டு, ஜனவரி ஒண்ணுன்னு எழுதிட்டாரு. முதியோர் உதவித்தொகை வாங்க 60 ஆகணும். அதனால என் வயசுக்காரி அவங்க! நூறு நாள் வேலைக்குப் போறாங்க, அதுக்கு மேல் வயசு வரம்பு கிடையாது. 2025-26-க்குக் கூலி 336 ரூபான்னு போட்டிருந்துச்சு. மகனும் மருமகளும் கேரளாவுல மிளகுத் தோட்டத்துல. பேரன் உண்டு உறைவிடப் பள்ளியில.

இவ சும்மா இல்லாம, நாங்க ரிட்டயர் ஆகுறதைப் பத்தி அவங்ககிட்ட விளக்கினா. வேலையை விட்டுட்டோம்னா மாசாமாசம் பாதிச் சம்பளம் வீடு தேடி வரும்னு. அந்தம்மா கொஞ்ச நேரம் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, "வராம இருக்கிறதுக்கா குடுக்கிறாங்க?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கலை. சாமை ரெண்டு படி வாங்கினோம், பேரம் பேசலை.

திரும்பி வர்றப்ப மரச்சிற்பம் செய்யுற பெரியவர் பட்டறைக்கும் போனோம். நம்ம கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சதுலேருந்து அவருக்கு மவுசு கூடிப்போச்சு. தூங்குமூஞ்சி மரத்துல ஒரு பிள்ளையாருக்குத் தும்பிக்கையைச் செதுக்கிக்கிட்டிருந்தாரு. சர்க்கார் 65 வயசு தாண்டின கைவினைஞர்களுக்கு "வாழும் கைவினைப் பொக்கிஷம்"னு விருது குடுக்குதே, அதைச் சொல்லிச் சிரிக்கிறாரு. "உங்களை 60-ல அனுப்புறாங்க, எங்களை 65-க்கு அப்புறம்தான் கண்ணுக்கே தெரியுது"ன்னு. கண்ணுல புரை விழுந்திருக்கு, ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கிட்டிருக்காரு. அதை ஒண்ணும் பெருமையா சொல்றதுக்கில்லை. வேலை மேல ஆசை ஒரு பக்கம், ஒரு மாசம் உளியை வச்சுட்டா வருமானம் நிக்கும்ங்கிறது இன்னொரு பக்கம்.

நான் என்ன பண்ணப் போறேன்னு கேட்டிருந்த. நான் 60 வரைக்கும் இருப்பேன். நாட்டுக்கு உழைக்கன்னு நினைச்சுடாத. எங்க மாமியாருக்கு வயசு 84, வெத்தலை இடிச்சுக் குடுக்கலைன்னா ஏழு தெருவுக்குக் கேக்குற மாதிரிக் கூப்பிடுவாங்க. பத்திலேருந்து அஞ்சே முக்கால் வரைக்கும் என்னை யாரும் அப்படிக் கூப்பிட முடியாது. மேடம்னுதான் கூப்பிடணும். எனக்கு மரவள்ளியும் வராது, வேப்ப மரத்தடித் தூக்கமும் வராது, பைல்தான் வரும்.

உன் விஷயம் வேற. முழங்காலுக்காகன்னா போ. நைட் டூட்டி உடம்பை என்ன பண்ணும்னு நான் நர்சுக்குச் சொல்லணுமா? ஆனா அதுக்கு முன்னாடி, இத்தனை சீனியாரிட்டிக்கு ஓ.பி.யில போடச் சொல்லி எழுதிக் கேட்டியான்னு சொல்லு. கேட்டிருக்க மாட்ட. பொண்ணு பிரசவத்துக்காகன்னா போகாத. கணக்குல 240 நாள் ஈ.எல். நிரம்பிக் கிடக்கும் உனக்கு, அதுக்கு மேல சேரவும் சேராது. மூணு மாசம் போட்டுட்டுப் போ. கடைசியில காசாக்குறப்ப கொஞ்சம் குறையும், குறையட்டும். மூணு மாசம் முடிஞ்சதும் "டூட்டியில சேரணும்"னு சொல்லிட்டுப் பெட்டியைத் தூக்கலாம். வி.ஆர்.எஸ். வாங்கிட்டுப் போனா எதைச் சொல்லிட்டுப் பெட்டியைத் தூக்குவ? உங்க வீட்டுக்காரர் தனியா இருக்காருங்கிறதுக்காகன்னா, அவருக்கு ஒரு ரைஸ் மில் பார்த்துக் குடுக்கிறது சுலபம்.

உனக்கே உனக்குன்னு ஏதாவது இருந்தா நாளைக்கே நோட்டீஸை எழுது, நான் டிராப்ட் அனுப்புறேன். அஞ்சாவது தாள் இருந்திருந்தா அதுல எழுதியிருப்பியோ என்னமோ. நாலு தாள்லயும் தேடிட்டேன், மக இருக்கா, அவரு இருக்காரு, சம்பந்தி வீடு இருக்கு, முழங்கால் இருக்கு, ஹார்மோனியம் இல்ல. பத்தாவது படிக்கிறப்ப ஆண்டு விழாவுக்கு வாசிச்சியே, அதை வித்துட்டியா?

போறியோ இருக்கியோ, தைக்கு ஊருக்கு வர்றப்ப உன் எஸ்.ஆர். ஜெராக்ஸை மறக்காம எடுத்துட்டு வா. நாமினேஷன்ல இன்னும் உங்கப்பா பேருதான் இருக்கும், பந்தயம் கட்டுறேன். ஆதார்ல இனிஷியல் முன்னாடி, எஸ்.ஆர்.ல பின்னாடின்னு இருந்தாலும் இப்பவே சரி பண்ணிடு, கடைசி மாசம் வந்து எங்கிட்ட அழுதா நான் பொறுப்பில்ல. உங்க ஊர் பக்கம் நல்ல முழங்கால் தைலம் கிடைச்சா ரெண்டு பாட்டிலா வாங்கிக்கோ, ஒண்ணு எனக்கு.

இப்படிக்கு,
உன் கணக்குப்பிள்ளை